கருத்தம்மா நீட்டிய கை

கூடலூர்,
12-2-1936

அன்புள்ள தம்பி பொன்னுராஜுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் சற்குணமும் பிள்ளை சுகிர்தமும் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உனக்கு எழுதி இரண்டு வருஷமாகிறது. போடியில் உன் வீட்டு அடுப்படியிலிருந்து லேகியச் சட்டியை எடுத்துச் சாக்கடையில் கொட்டினேனே, அன்றோடு நின்ற எழுத்து. கருங்குரங்கைக் கொன்று காய்ச்சிய மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதே, மதுரைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு என்று நான் சொன்னது தப்பென்று இன்றும் தோன்றவில்லை. கொட்டியது தப்பு. இழுப்பு வந்து பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த வீட்டில், தாய் பார்த்திருக்க, நான் அதைச் செய்திருக்கக் கூடாது. "உனக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்" என்று நீ சொன்னாய். அதனால்தான் எழுதவில்லை.

இப்போது எழுதுவது எனக்காக அல்ல.

போன மாதம் காட்டிலாகாக் காவலர் சுருளியாண்டி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். உள்ளே ஒரு கருங்குரங்குக் குட்டி. "தாயச் சுட்டுட்டானுக டீச்சர். வயித்தக் கவ்விப் புடிச்சபடியே மரத்துலருந்து விழுந்திருக்கு. கை ஒடிஞ்சுபோச்சு. அடிச்சுப் புதைச்சிரு, எதுக்கு வாதைன்னாக. எனக்குக் கை வரல" என்றார். இறக்கை ஒடிந்த ஆந்தையும் கால் நசுங்கிய சருகுமானும் ஏற்கனவே என் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். 'குருவி டீச்சர்' என்றுதான் எனக்குப் பெயர். நாற்பத்து மூன்று வயதில், பி.ஏ. படித்துவிட்டு, இந்தப் பெயரோடு நடமாடுகிறேன்.

நாட்டு வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. இடது முன்கை வெளிப்பக்கம் வில்போல வளைந்திருக்கிறது. என்றாலும் கிளையைப் பிடிக்கிறது. இன்னும் ஒரு வருஷம் வளர்ந்தால் காட்டுக்கே திருப்பி விடலாம். அதுவரை வைத்துக் காப்பாற்ற என் சம்பளம் போதாது. நல்ல கூண்டு வேண்டும். மலையிலிருந்து தினமும் தழை கொண்டுவர ஆள் வேண்டும்.

நீ இப்போது ஜில்லா போர்டு மெம்பர். சிறுத்தையைக் கொன்றால் சர்க்காரில் சன்மானம் கொடுக்கிறார்கள். அடிபட்டதைப் பிழைக்க வைக்க ஒரு செலவுத் தலைப்பும் இல்லையா? அக்காள் கேட்கிறாள் என்று வேண்டாம். ஒரு தலைமையாசிரியை கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்.

உன் அக்காள்,
கிருபாவதி


போடிநாயக்கனூர்,
1-3-1936

மரியாதைக்குரிய அக்காள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுகிர்தத்துக்கு ஒன்பது வயது நடக்கிறது. பனிக்காலத்தில் இழுப்பு வருகிறது, வெயிலில் போகிறது. மதுரை டாக்டரின் ஊசியும் போட்டுப் பார்த்துவிட்டோம். கேட்டிருந்தீர்களானால் அப்போதே எழுதியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

தங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குரங்குக்கு வைத்தியச் செலவு என்று மனுப் போட்டால் போர்டுக் கமிட்டியில் சிரிப்பார்கள். போன கூட்டத்தில் ஓர் ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு கேட்டதற்கே நாலு பேர் சண்டை போட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு 'இயற்கைப் பாடம்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. செடித்தொட்டி வாங்கவும் படம் வாங்கவும் கொடுப்பது. அதில் நுழைக்கலாம். நான் ஏலக்காய் வியாபாரி. எந்த மூட்டைக்கு எந்த முத்திரை குத்தினால் சுங்கச்சாவடியைத் தாண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நானே ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வந்து அந்தப் பிராணிகளைப் பார்க்கவும், தொடவும், கையால் தீனி கொடுத்துப் பழகவும் ஏற்பாடு செய்யப்படும் என்று ஒரு ஷரத்துச் சேர்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் மனு நிற்காது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

பொன்னுராஜ்


கூடலூர்,
20-7-1936

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்று. நான் எப்போதிலிருந்து உனக்கு 'நீங்கள்' ஆனேன்? ஓடைத் தண்ணீரில் உன்னைத் தலைகீழாகப் பிடித்து முக்கியவள் நான். கோபமிருந்தால் 'நீ' என்றே கோபப்படு.

மானியம் சித்திரையிலிருந்து வருகிறது. கூண்டு கட்டியாயிற்று, ஒருவர் நின்று நடமாடும் உயரம், நடுவில் வேர்விட்ட நாவல் மரம். நீ செய்த உபகாரத்தை மறக்க மாட்டேன்.

குட்டிக்கு நான் பெயர் வைக்கவில்லை. பிள்ளைகள் வைத்துவிட்டார்கள்: கருத்தம்மா. அந்தப் பெயரில் பள்ளியிலேயே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். முதல் நாள் மூன்று பேரும் அழுதார்கள். இப்போது அதில் ஒருத்தி, "எங்க கருத்தம்மாளுக்கு உங்கள விட அறிவு" என்று மற்ற வகுப்புப் பிள்ளைகளை ஏசுகிறாள்.

வெள்ளிக்கிழமைகளை நீ வந்து பார்க்க வேண்டும். கம்பத்திலிருந்தும் லோயர் கேம்பிலிருந்தும் பிள்ளைகள் வண்டி கட்டி வருகிறார்கள். குரங்கு என்றால் கல்லை எடுக்கிற பிள்ளைகள் கொழுந்துத் தழையை எடுத்து நீட்டுகிறார்கள். முதல் மாதம் அது கூண்டின் மூலையை விட்டு வரவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது; ஷரத்து இருக்கிறதே. தினமும் சாயங்காலம் உள்ளே போய் உட்கார்ந்து, உள்ளங்கையில் தளிர் வைத்து நீட்டினேன். பதினெட்டாம் நாள் வந்தது. அப்புறம் தளிர் இல்லாமலே வந்தது. இப்போது யார் கை நீட்டினாலும் எதிரே வந்து உட்கார்ந்து, அந்தக் கோணல் கையை நீட்டி விரலைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றும் கேட்பதில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கும்.

எனக்குக் கர்வமாகக்கூட இருக்கிறது. இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்து இவ்வளவு சுத்தமான பலன் நான் கண்டதில்லை.

பள்ளியில் தண்ணீர் எடுத்து ஊற்றும் மொக்கம்மாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "நம்ம கைக்கும் கண்டவன் கைக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுத்தீகளா டீச்சர்?" என்று கேட்டாள். காட்டுக்குப் போனால் காடு சொல்லிக் கொடுக்கும் என்றேன். "காடு சொல்லிக் குடுக்கும், இல்லேங்கல. ஆனா ஒருக்கத்தேன் சொல்லும், ரெண்டாந்தடவ சொல்லாது" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு எதிலும் குறைதான்.

சுகிர்தத்துக்கு முத்தம்.

உன் அக்காள்,
கிருபாவதி


போடிநாயக்கனூர்,
9-10-1936

அன்புள்ள அக்காளுக்கு,

போன வெள்ளிக்கிழமை சுகிர்தத்தையும் கூட்டிக்கொண்டு கமிட்டியாரோடு வந்தபோது உன்னோடு தனியாகப் பேச வாய்க்கவில்லை. பேசியிருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. நரைத்துவிட்டாய் அக்கா.

காரியம் ஜெயம். பெரிய மீசைக்காரர், எதற்கெடுத்தாலும் வெட்டிப் பேசுகிறவர், அவர் கையைக் கருத்தம்மா பிடித்ததும் உருகிவிட்டார். ரயிலில் மதுரை வரைக்கும் அதே பேச்சு. "நம்ம மெம்பர்களே இம்புட்டு மரியாதையாக் கை குடுக்க மாட்டாகளேய்யா" என்று ஒருவர் சொல்ல, வண்டியே சிரித்தது. அடுத்த வருஷம் மானியத்தை இரட்டிப்பாக்கலாம் என்கிறார்கள். கையால் தீனி கொடுக்கும் அந்த ஷரத்தை மற்றப் பள்ளிகளுக்கும் மாதிரியாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

சுகிர்தம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வலது கையைக் கழுவ மாட்டேன் என்றாள். சற்குணம் வைதாள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குளிர் தொடங்கிவிட்டது. நேற்றிலிருந்து நெஞ்சில் விசில் கேட்கிறது.

உன் தம்பி,
பொன்னுராஜ்


கூடலூர்,
18-1-1937

அன்புள்ள தம்பி,

கருத்தம்மா காட்டுக்குப் போய்விட்டது.

நேற்று முன்தினம் சுருளியாண்டியும் மொக்கம்மாளும் நானும் மலையேறினோம். கருங்குரங்குக் கூட்டம் நடமாடும் சோலையோரம் பார்த்துக் கூடையைத் திறந்தோம். மரத்தில் ஏறியது. கோணல் கை ஒரு தடையாகவே இல்லை. நான் கைகளைத் தட்டினேன். உடனே இறங்கி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. விடுவித்தேன், ஏறியது, மறுபடி இறங்கியது. நாலு தடவை. ஐந்தாம் தடவை எதிர்ச்சரிவிலிருந்து அதன் இனம் கூப்பிடும் சத்தம் கேட்டது; 'ஹூ, ஹூ' என்று மலை முழுக்க. அது திரும்பிப் பார்த்தது. என்னையும் பார்த்தது. பிறகு போயிற்று.

இறங்கி வரும் வழியில் மொக்கம்மாள் வளைவுக்கு வளைவு நின்று மலையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் பிரிய மனமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் பிள்ளைகள் அழுதார்கள். "திரும்பி வீட்டுக்குப் போயிருக்கிறது, அழக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அலுவல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுகிர்தத்திடம் பக்குவமாகச் சொல். ஒரு பிராணியைப் பிழைக்க வைத்துக் காட்டுக்கே கொடுத்தோம் என்று கமிட்டியிலும் சொல். நீயும் நானும் சேர்ந்து செய்த நல்ல காரியம் இந்த ஒன்றுதான்.

உன் அக்காள்,
கிருபாவதி


கூடலூர்,
10-3-1937

அன்புள்ள தம்பி,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஏதாவது மறுபடி தப்பாக எழுதிவிட்டேனா? சுகிர்தம் எப்படி இருக்கிறாள்? ஒரு வரியாவது எழுது.

அக்காள்


போடிநாயக்கனூர்,
22-3-1937

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை எழுதிய உடனே தபாலில் சேர்த்துவிடுவேன்.

மாசி பாதியில் சுகிர்தத்துக்கு வந்த இழுப்பு இதுவரை வந்ததைப் போல அல்ல. உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் ஊசி போட்டார். ஒரு பகல் தாங்கியது. மறுபடி வந்தது. சற்குணம் என் காலைப் பிடித்தாள், அக்கா. "ஒங்கக்கா கொட்டுன மருந்தத்தேன் கேக்கேன், வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் அந்த லேகிய வைத்தியர் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் மலையிலிருந்து வந்த ஓர் ஆள் குந்தியிருந்தான். பக்கத்தில் சாக்கு. என்னிடம் சொல்லவில்லை, வைத்தியரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"வெடிக்கு வேலையே இல்லய்யா. வெத்தல போட உக்காந்தேன். இது எறங்கி வந்து எதுத்தாப்புல உக்காருது. உக்காந்து, மனுசன் மாதிரி கைய நீட்டுது. எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. சரி, என்னதேன் செய்யுதுன்னு நானும் நீட்டுனேன். வெரலப் புடிச்சுக்கிருச்சு. அம்புட்டுத்தேன்."

சாக்கிலிருந்து கை வெளியே கிடந்தது. இடது கை. வில்போல வளைந்திருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். திரும்பி வந்திருக்க வேண்டும். அல்லது அந்த ஆளை அடித்திருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. செத்தது செத்துப்போயிற்று, வீட்டில் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், ஒன்றுமே நினைக்கவில்லை. காய்ச்சி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

சுகிர்தம் நாற்பது நாள் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சாப்பிடுகிறாள். இழுப்பு நின்றுவிட்டது. வெயில் ஏறியதால் நின்றதோ என்னவோ, எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. கசக்கிறதென்று முகம் சுளிக்கிறாள். கருத்தம்மா இப்போது எந்த மரத்தில் இருக்கும் என்று கேட்கிறாள்.

கையை நீட்டிப் பழக்கு என்று எழுதியது நான். நீ வெறும் கையெழுத்துத்தான் போட்டாய். உன்னை இதில் சேர்க்க எனக்கு மனமில்லை.

மானியத்தை இரட்டிப்பாக்கிப் போன வாரம் உத்தரவாகிவிட்டது. அதே ஷரத்தோடு.

பொன்னுராஜ்


கூடலூர்,
29-3-1937

தம்பி,

நாற்பது நாளும் முழுக்கக் கொடுத்து முடி. இடையில் நிறுத்தாதே.

கிருபாவதி


கூடலூர்,
22-8-1937

அன்புள்ள தம்பி பொன்னுராஜுக்கு,

அந்த இரண்டு வரிக்கு மேல் அன்றைக்கு எனக்கு எழுத வரவில்லை. அதற்கப்புறம் நீ எழுதிய மூன்று கடிதமும் என் மேசையில் இருக்கின்றன.

ஒன்றைத் திருத்த வேண்டும். நான் வெறும் கையெழுத்துப் போடவில்லை. பதினெட்டு நாள் சாயங்காலம் உள்ளே போய் உட்கார்ந்தது நான். மூலையில் பயந்துகொண்டு கிடந்தபோது அதற்கு இருந்த அறிவு சரியான அறிவு. அதைத் தளிர் காட்டி எடுத்தேன். மொக்கம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவளைக் குறைக்காரி என்றேன். போன சித்திரையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாங் கேட்டது அப்பவே போச்சு டீச்சர். இப்ப எதுக்கு?" என்று சொல்லி, எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

உன்னைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று மூன்று கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். அந்த முற்றத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தினமும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். கொட்டியிருப்பேன் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. இதுதான் என் பதில். இதற்கு மேல் என்னிடம் இல்லை.

ஆனி மாதம் சுருளியாண்டி இன்னொரு கருங்குரங்கைக் கொண்டுவந்தார். ஆண். தொடையில் துப்பாக்கி ரவை பாய்ந்த காயம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது என்னைப் பார்த்து உறுமியது. வாங்கிக்கொண்டேன்.

கூண்டைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி மறைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நின்றுவிட்டது. யாரும் பார்ப்பதில்லை, பெயரும் இல்லை. தழையை வெளியிலிருந்தே கழியால் தள்ளுகிறோம். உள்ளே போக வேண்டியிருந்தால் தலையோடு கால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போகிறேன். மனுஷி என்று அதற்குப் படக் கூடாது. பிள்ளைகளுக்குப் பாடம் நிற்கவில்லை. அது தின்று கழித்த காம்புகளைக் காலையில் வெளியே இழுத்துப் போட்டு, எந்த மரம், எந்தத் தளிர், எதை விட்டது என்று எழுதுகிறார்கள். பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு எழுத முடியும் என்று எனக்கே தெரியாது.

ஷரத்தை மாற்றச் சொல்லி நீ கமிட்டியில் மூன்று தடவை எழுந்து பேசியதைக் கேள்விப்பட்டேன். "காட்டாத குரங்குக்குக் காசா?" என்று அந்த மீசைக்காரரே கேட்டாராமே. உன்னைப் பார்த்துச் சிரித்தார்களாம். நீ உட்காரவில்லையாம். மானியத்தை நிறுத்தி உத்தரவு வந்துவிட்டது. நான் கொஞ்ச நாள் சமாளிப்பேன். நீ அடுத்த கூட்டத்திலும் எழுந்து பேசு.

விடுமுறைக்கு இங்கே வர வேண்டும் என்று சுகிர்தம் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அனுப்பு. குரங்கைப் பார்க்க முடியாது, காம்புகளைத்தான் பார்க்கலாம் என்று முன்னமே சொல்லிவிடு. தான் சாப்பிட்டது என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்.

காயம் ஆறிவிட்டது. அடுத்த வாரம் மலைக்குக் கொண்டுபோகிறோம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. பத்து நாளாக நானும் மொக்கம்மாளும் கம்பளி இல்லாமல், முகம் தெரிய உள்ளே போய், மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக் கத்துகிறோம். மண்ணாங்கட்டியை எடுத்து எறிகிறோம். மேலே படாமல்தான், ஆனால் பக்கத்தில் விழ வேண்டும். ஒரு பிள்ளையைக்கூடப் பிரம்பால் தொடாதவள் நான். முதல் நாள் எறிந்துவிட்டு வெளியே வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். "நல்லாத்தேன் எறியுறீக. இன்னும் கொஞ்சம் ஓங்கி" என்றாள் மொக்கம்மாள்.

நேற்று காலை நான் மட்டும் போனேன். தகரம் இல்லை, மண்ணாங்கட்டி இல்லை. கையில் கொழுந்துத் தழை. அது பசியோடு இருக்கும் நேரம். எதிரே உட்கார்ந்து கையை நீட்டினேன்.

மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டியது. நான் கையை எடுக்கவில்லை. பள்ளி மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தேன். கை கடுத்தது. அது வரவில்லை.

தழையைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

உன் அக்காள்,
கிருபாவதி